ஓடாத கடிகாரமும் வெடிக்காத குண்டும்

மால்டா, மத்தியதரைக் கடலின் நட்டநடுவில், சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவு நாடு. மேற்கு வங்கத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன மால்டா வேறு. அங்கே போக ஷெங்கன் விசா தேவையில்லை. மால்டா, கோசோ, கொமினோ என்று ஆட்கள் குடியிருக்கும் தீவுகள் மூன்று. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர்தான், அதாவது சென்னை மாநகராட்சியில் முக்கால் பங்கு. உள்ளூர் மக்கள் ஐந்தரை லட்சம். 2024-ஆம் ஆண்டில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல். தொட்டில் குழந்தை முதல் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி வரை தலைக்கு ஆறு பயணிகள் என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

ஊரில் இருப்பதைக் காட்டிக் காசு வாங்குவதுதான் சுற்றுலாத் தொழிலின் பொது வழக்கம். மால்டா இல்லாததையும் நடக்காததையும்கூடக் காட்டும். தீவின் புகழே அப்படித்தான் தொடங்குகிறது. கி.பி. 60 வாக்கில் புனித பவுல் ரோமாபுரிக்குக் கைதியாகப் போகும் வழியில் கப்பல் இங்கே தரைதட்டி உடைந்தது என்பது மரபு. கரையேறிக் குளிர்காய்ந்தவரின் கையைப் பாம்பு கவ்வியது, விஷம் ஏறவில்லை. போய்ச் சேராத அந்தக் கப்பலின் பெயரில் வலெட்டாவில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று நாடு முழுவதும் அரசு விடுமுறை.

வந்திறங்கும் பயணியை முதலில் மடக்குவது ஊர்ப்பெயர்கள். மால்டா மொழி அரபியின் வயிற்றில் பிறந்து, சிசிலியின் மடியில் வளர்ந்து, லத்தீன் எழுத்தைச் சட்டையாகப் போட்டுக்கொண்டது. மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆனால் கடவுளை அவர்கள் மொழியில் ‘அல்லா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், தவக்காலத்துக்கு ‘ரண்டான்’ என்று பெயர். எக்ஸ் என்ற எழுத்தை ‘ஷ’ என்று உச்சரிக்க வேண்டும். கியூ என்ற எழுத்துக்குத் தொண்டையில் விக்கல் வந்து பாதியில் நின்றாற்போல் ஓர் ஒலி. ஆகவே மீன்சந்தைக்குப் பேர்போன மார்சஷ்லொக்கை ‘மர்சாக்ஸ்லாக்’ என்று கேட்கும் பயணிக்கு முதலில் ஒரு கனிவான சிரிப்பும், பிறகே வழியும் கிடைக்கும். நல்லவேளை, ஆங்கிலமும் ஆட்சிமொழி. மால்டா மொழியில் பயணி கற்றுக்கொள்ள வேண்டியது ‘மேலா’ என்ற ஒரே சொல். ‘சரி’, ‘அப்புறம்’, ‘ஆமாமா’, ‘பின்னே இல்லையா’ எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நம்மூர் ‘சரி சரி’க்கு நேர் தம்பி.

1800 முதல் 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் இருந்துவிட்டுப் போனதால் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் தெருமுனைகளில் நிற்கின்றன, உள்ளே யாரும் பேசுவதில்லை, வெளியே படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2022 அக்டோபர் முதல் அட்டை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். காசு கொடுக்கத் தயாராக இருக்கும் பயணி நிறுத்தத்தில் நிற்க, காசு கொடுக்காதவர்களால் நிரம்பிய பேருந்து கையசைப்பைப் பொருட்படுத்தாமல் போவது கோடைக்காலத்தில் அன்றாடக் காட்சி. வலெட்டாவிலிருந்து இம்தீனா பக்கம் ஒரு ரயிலும் ஓடியது. 1883-இல் தொடங்கி 1931-இல் நின்றுபோயிற்று. அடுத்த பேருந்து வருவதற்குள் அதன் வரலாற்றை முழுதாகப் படித்து முடித்துவிடலாம்.

தலைநகர் வலெட்டா, பகைவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட ஊர். துருக்கியரால் 1522-இல் ரோட்ஸ் தீவிலிருந்து துரத்தப்பட்ட புனித யோவான் சபை வீரர்களுக்கு, 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு வல்லூறு. முன்பணம் பற்றிப் பேச்சில்லை. 1565-இல் துருக்கியர் இங்கேயும் படையெடுத்து வந்து, மே முதல் செப்டம்பர் வரை முற்றுகையிட்டும் முடியாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே சபைத் தலைவர் ழான் தெ வலெட் குன்றின் முதுகில் புதிய நகருக்குக் கடைக்கால் போட்டார். கட்டம் போட்டாற்போல் நேர்நேரான தெருக்கள். ஆனால் குன்று கட்டத்துக்கு இசையவில்லை. ஆகவே தெரு எங்கெங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கெல்லாம் படிக்கட்டு. கால் ஊனத்தோடு இங்கே வந்துபோன ஆங்கிலக் கவிஞர் பைரன், 1811-இல் விடைபெறும்போது எழுதிய பாட்டில் இந்தப் படிகளைத் திட்டிவிட்டுத்தான் கப்பலேறினார். சக்கரம் வைத்த பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏறும் இன்றைய பயணியும் அதையே சொல்கிறார், சந்தம் இல்லாமல்.

மேல் பரக்கா பூங்காவுக்குக் கீழே துறைமுகத்தைப் பார்த்தபடி பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. நாள்தோறும் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒன்றை வெடிப்பார்கள். உள்ளே குண்டு கிடையாது, மருந்து மட்டும். பதினொன்றரைக்கே கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடிக்கும் போட்டி ஆரம்பம். பழைய பிரிட்டிஷ் பீரங்கிப்படைச் சீருடையில் ஆட்கள் வந்து, ஒன்றைத் துடைத்து, ஒன்றைச் சரிபார்த்து, விறைப்பாக நிற்பார்கள். நூறு கைபேசிகள் உயரும். வெடிக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எத்தனை மணிக்கு என்றும் தெரியும், அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்; இருந்தும் ‘டமார்’ என்றதும் எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுத் துள்ளுகிறார்கள். அந்தக் கணத்தில் பதிவாகும் காணொளியில் பீரங்கியைத் தவிர எல்லாம் இருக்கும்: முதலில் முன்னால் நின்றவரின் தொப்பி, பிறகு வானம், பிறகு ‘ஐயோ அம்மா’வுக்கு அவரவர் மொழியில் உள்ள சொல். நான்கு மணிக்கு மறுபடி வந்து சரியாக எடுத்துவிடலாம் என்று பலர் தீர்மானிப்பார்கள். நான்கு மணிக்கும் துள்ளுவார்கள்.

புனித யோவான் இணைப்பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ தானியக் கிடங்கு மாதிரி இருக்கும். 1570-களில் கட்டியவர் ஜெரோலமோ கசார், கோட்டை கட்டியே பழகியவர். உள்ளே கால் வைத்தால் சுவரில் விரல் வைக்க இடமில்லாமல் பொன்வேலை. தரை முழுவதும் சபை வீரர்களின் கல்லறைப் பலகைகள், வண்ணச் சலவைக்கல்லில் எலும்புக்கூடும் அரிவாளுமாக, ஏறத்தாழ நானூறு. கல் கீறிவிடும் என்பதால் கூர்முனைக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை. ஒரு சிற்றாலயத்தின் வெள்ளிக் கதவுகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, இரும்பு என்று நம்பவைத்து நெப்போலியனின் ஆட்களிடமிருந்து தப்பவைத்ததாகச் சொல்வார்கள். நெப்போலியன் 1798 ஜூனில் எகிப்துக்குப் போகும் வழியில் இங்கே தங்கியது ஒரு வாரம்கூட இருக்காது. அதற்குள் சபையை வெளியேற்றி, சட்டங்களைத் திருத்தி, வெள்ளிச் சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார். இத்தனையையும் ஒரே வாரத்தில் முடித்த வேறு பயணி இல்லை.

பேராலயத்தை ஒட்டிய கூடத்தில் ஓவியர் கரவாஜியோவின் ‘திருமுழுக்கு யோவானின் தலை துண்டிப்பு’ இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே படம். யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதினார். ரோமாபுரியில் கொலை செய்துவிட்டு ஓடிவந்தவருக்கு 1608 ஜூலையில் சபை வீரர் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் அடிதடி, கைது, புனித ஏஞ்சலோ கோட்டையில் சிறை, அங்கிருந்தும் தப்பி ஓட்டம். டிசம்பரில் சபை கூடி, ஆளில்லாமலே அவரை நீக்கியது. கூட்டம் நடந்தது அவர் வரைந்த இதே படத்தின் முன்னால். ஆளை வெளியேற்றிவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டது, வரவுசெலவுக் கணக்கில் தேர்ந்தவர்கள் செய்த முடிவு.

தீவின் தேவாலயங்கள் பலவற்றில் இரட்டைக் கோபுரமும், கோபுரத்துக்கு ஒரு கடிகாரமும் உண்டு. ஒன்றுதான் ஓடும். மற்றது தப்பு நேரம் காட்டும், அல்லது வெறும் சித்திரம். வழிபாட்டு நேரத்தில் வந்து கெடுக்கப் பார்க்கும் சாத்தானைக் குழப்பத்தான் இந்த ஏற்பாடு என்பது ஊர்ப்பேச்சு. இரண்டு கோபுரமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இரண்டாவது கடிகாரத்துக்குக் காசில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சாத்தான் குழம்பினானா என்பதற்குப் பதிவு இல்லை. படத்தில் உள்ள நேரத்தைப் பார்த்து நிதானமாகக் காபி குடித்துக் கடைசிப் பேருந்தைக் கோட்டைவிடும் பயணிகள் உண்டு.

மொஸ்டா ஊர்த் தேவாலயத்தின் குவிமாடம் உட்புறம் ஏறத்தாழ 37 மீட்டர் விட்டம். இரண்டாம் உலகப்போரில் மால்டா சல்லடையாகத் துளைக்கப்பட்ட நாட்களில், 1942 ஏப்ரல் 9 மாலை, முந்நூறு பேர் வரை உள்ளே கூடியிருந்தபோது ஒரு குண்டு குவிமாடத்தைப் பொத்துக்கொண்டு விழுந்து, தரையில் உருண்டு, வெடிக்காமல் கிடந்தது. அந்தக் குண்டைப் பார்க்கத்தான் இன்று பேருந்து பேருந்தாக வருகிறார்கள். உண்மைக் குண்டை அப்போதே அகற்றிக் கடலில் போட்டாயிற்று. காட்சிக்கு இருப்பது அதே மாதிரியான வேறொன்று, இதுவும் வெடிக்காது. அந்த மாதமே தீவு முழுமைக்கும் சேர்த்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஒரு வீரப்பதக்கம் கொடுத்தார். அது இன்றும் கொடியின் மூலையில் இருக்கிறது.

வெடிக்காத கணக்கில் இந்தியர்களுக்கும் பங்குண்டு. 1878-இல் ரஷ்யாவை மிரட்டுவதற்காகப் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ஏறத்தாழ 7000 இந்தியச் சிப்பாய்களைக் கப்பலில் மால்டாவுக்கு வரவழைத்தார். வந்தார்கள், கூடாரம் அடித்தார்கள், அணிவகுத்துக் காட்டினார்கள். சண்டை மூளவில்லை. சைப்ரஸ் வழியாக ஊர் திரும்பினார்கள். போகவர, தங்க, சாப்பிட எல்லாம் அரசாங்கச் செலவு.

இம்தீனா பழைய தலைநகர். மதிலுக்குள் வசிப்பவர்கள் 300 பேருக்கும் குறைவு. ‘மௌன நகரம்’ என்று பெயர். பகலில் அதன் மௌனத்தைப் பற்றி ஆறேழு வழிகாட்டிகள் ஒரே சமயத்தில் ஆறேழு மொழிகளில் உரக்க விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஹல் சஃப்லியெனி நிலவறை வேறு ரகம். பாறையைக் குடைந்து மூன்று தளமாகச் செய்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய இடுகாடு. 1902-இல் வீடு கட்ட நீர்த்தொட்டி வெட்டியவர்கள் தற்செயலாகக் கூரையை உடைத்தார்கள். வேலை நின்றுவிடுமே என்று சில காலம் வெளியே மூச்சு விடவில்லை. உள்ளே 7000 பேரின் எலும்புகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் உள்ள செங்காவி ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதால் இன்று ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி. மூச்சு விடாதவர்களுக்காக வெட்டிய இடம் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சீட்டுக்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதால், பார்த்ததற்குச் சாட்சி கிடையாது. பயணிகளில் இருவகை என்று இங்கே தெளிவாகும்: பார்த்துவிட்டு விவரிக்கத் தெரியாதவர்கள், சீட்டுக் கிடைக்காமல் வாசலிலிருந்து திரும்பி, பிற்பாடு எல்லாவற்றையும் விவரிப்பவர்கள்.

இதற்குள் பசித்திருக்கும். மால்டாவின் தெருத்தீனி பஸ்தீட்சி: நம்மூர் பஃப்ஸின் கடலோர உறவினர். படகு போல இருமுனையும் கூர்ந்திருக்கும். கொழுப்பு வழியும், தொட்டால் உதிரும். உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது மசித்த பட்டாணி. மடிப்பு நடுவில் வாய் பிளந்திருந்தால் பாலாடைக்கட்டி, ஓரமாக மூடியிருந்தால் பட்டாணி. இந்தப் பாலாடைக்கட்டிப் பஸ்தீட்சியைத்தான் உள்ளூர் ஆங்கிலத்தில் ‘சீஸ்கேக்’ என்கிறார்கள். இனிப்பு என்று நினைத்து வாங்கி, உப்புக்கரிக்க முதல் வாயைக் கடித்துவிட்டு, மரியாதைக்காக விழுங்கி, இரண்டாம் வாயில் பிடித்துப்போய், மூன்றாவதாக இன்னொன்று கேட்பது வழக்கமான வரிசை. கூடவே கண்ணாடி டம்ளரில் கெட்டிப்பால் விட்ட தேநீர் வரும். நடைபாதையில் நின்று, டம்ளரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதிக் குடிக்கிறார்கள். சட்டை முன்பக்கம் முழுக்கப் பொருக்குப் பொருக்காக மாவு உதிர்ந்திருந்தால் சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளம். கின்னி என்று 1952 முதல் விற்கும் ஒரு பானமும் உண்டு. கசப்பு ஆரஞ்சும் மூலிகையும் சேர்ந்தது. நாரத்தங்காய்க்கு சோடா ஊற்றினாற்போல் இருக்கும். முதல் மிடறில் பயணியின் முகம் போகும் போக்கைப் பார்க்கக் கடைக்காரர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

வடமேற்குக் கரையில் பாப்பாய் கிராமம். கீரை தின்று பலம் பெறும் அந்தக் கார்ட்டூன் மாலுமியை வைத்து ராபர்ட் ஆல்ட்மன் 1980-இல் எடுத்த படத்துக்காகப் போட்ட மரவீட்டு செட். மால்டாவில் சொல்லிக்கொள்ளும்படி காடு கிடையாது. மரம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. படம் முடிந்ததும் பிரித்திருக்க வேண்டியதை அப்படியே விட்டார்கள். யாரும் குடியிருக்காத அந்த ஊருக்குள் நுழைய இன்று சீட்டு வாங்க வேண்டும். ஐயாயிரம் ஆண்டுக் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள், நாற்பது சொச்சம் ஆண்டு செட்டில் அரைநாள் கழிக்கின்றன. இது வருத்தத்துக்குரியது என்று எழுதுவது மரபு. ஆனால் அங்கே நிழலும் நாற்காலியும் இருக்கின்றன.

கோசோவுக்குப் படகில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது யாரும் கட்டணம் கேட்பதில்லை. ஏதோ சலுகை போலும் என்று பயணி மகிழ்ந்துகொள்கிறார்.

கோசோவில் முதலில் ஜிகன்டியா கோயில்கள். தொடக்கம் கி.மு. 3600 வாக்கில், எகிப்தின் பிரமிடுகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்தவை. சில கற்கள் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். யார், எப்படித் தூக்கினார்கள் என்பதற்கு ஊரார் வைத்திருக்கும் விடை எளியது: ஓர் அரக்கி மொச்சை தின்றுகொண்டே, கைக்குழந்தையையும் இடுக்கிக்கொண்டு, தூக்கிவந்து வைத்தாள். தகவல் பலகையில் உள்ள நெம்புகோல் விளக்கத்தைவிட இது மனத்தில் நிற்கிறது.

கோசோவின் தலைநகர் விக்டோரியாவில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர்தான். அங்கே ஒரே தெருவில் இரண்டு ஓபரா அரங்கங்கள்: அஸ்த்ரா, அவ்ரோரா. இரண்டு தேவாலயங்களைச் சார்ந்த இரண்டு வாத்தியக்குழுக் கழகங்கள் போட்டிக்குக் கட்டியவை. ஒரு கோஷ்டி திருவிழாவுக்கு நூறு வெடி போட்டால் அடுத்தது நூற்றொன்று போடும் மனப்பான்மையை இசைக்குத் திருப்பிவிட்டதன் விளைவு. ஒவ்வோர் அக்டோபரிலும் ஆளுக்கொரு ஓபரா மேடையேறும். அந்தக் கழகத்துக்காரர் இந்தக் கழக ஓபராவுக்குப் போய்க் கைதட்டினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை விக்டோரியாக்காரர்களிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

மேலே கோட்டைக்குள் இருக்கும் பேராலயம் இந்தத் தீவுகளின் தலைசிறந்த இல்லாத பொருளை வைத்திருக்கிறது. லொரென்சோ கஃபா என்ற கட்டடக் கலைஞர் குவிமாடத்துடன்தான் திட்டம் போட்டார். குவிமாடம் எழும்பவில்லை, பணம் போதவில்லை என்கிறார்கள். 1739-இல் சிசிலியிலிருந்து ஓர் ஓவியரைக் கூப்பிட்டு, தட்டையான கூரையில் குவிமாடம் இருப்பதுபோல் வரையச் சொன்னார்கள். வாசலிலிருந்து நடந்து வரும் பயணி அண்ணாந்து பார்க்கிறார். நல்ல உயரமான மாடம், சுற்றிலும் சன்னல், சன்னல் வழியே வெளிச்சம். திருப்தியாக நாலைந்து அடி முன்னால் வைத்ததும் மாடம் ஒருபக்கமாகச் சாய்கிறது. இன்னும் நாலடி போனால் பந்திப் பாத்திரத்தை யாரோ தட்டிவிட்டாற்போல் நசுங்கிக் கிடக்கிறது. பின்னோக்கி நடந்தால் மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் முன்னும் பின்னுமாக நடந்து மாடத்தை எழுப்பியும் சாய்த்தும் விளையாட, தெரியாதவர்கள் ஏதோ பிரார்த்தனை முறை என்று எண்ணி அவர்கள் பின்னாலேயே நடக்கிறார்கள். பக்கத்தில் ஷெவ்கியா என்ற சிறிய ஊரில் 75 மீட்டர் உயரத்துக்கு உண்மையாகவே ஒரு குவிமாடத் தேவாலயம் இருக்கிறது. பழைய கோயிலில் பூசை நடக்க நடக்க, அதைச் சுற்றியே புதியதைக் கட்டி முடித்தார்கள். அசலான மாடம். அதன்கீழ் யாரும் முன்னும் பின்னும் நடப்பதில்லை.

மேற்கு முனையில் த்வேய்ரா. கடலுக்குள் நீண்ட பாறையில் இயற்கை குடைந்த ஒரு மாபெரும் வளைவு இங்கே இருந்தது. நீலச்சாளரம் என்று பெயர். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கல்யாணக் காட்சி இதன் முன்னால்தான் எடுக்கப்பட்டது. மேலே ஏறி நடப்பவர்களால் ஆபத்து என்று 2016 இறுதியில் அபராதம் அறிவித்தார்கள். 2017 மார்ச் 8 காலை, புயலில் முழுவதும் கடலுக்குள் போயிற்று. அப்போது மேலே யாரும் இல்லை. கூட்டம் மட்டும் இன்றும் வருகிறது. பழைய புகைப்படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, வளைவு இருந்த வெற்றிடத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்தியதும் ‘ஆகா’ என்கிறார்கள். அந்த வெற்றிடத்தின் பின்னணியில் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வளைவு மறைக்கிறது’ என்ற குரலும் கேட்கும்.

சாயங்காலம் இம்ஜார் படகுத்துறைக்குத் திரும்பினால் போகும்போது வாங்காத கட்டணத்தைக் கேட்கிறார்கள். கோசோவிலிருந்து வெளியேறும் திசையில் மட்டுமே வசூல். போக, வர இரண்டுக்கும் சேர்த்து. ஹோமர் சொல்லும் கலிப்ஸோவின் தீவு கோசோதான் என்பது உள்ளூர் நம்பிக்கை. அவளிடம் ஏழு ஆண்டு சிக்கிக்கிடந்த ஒடிசியஸ், கடைசியில் இருபது மரம் வெட்டித் தானே தெப்பம் கட்டிக்கொண்டு போனதாகக் காவியம் சொல்கிறது. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது அதற்கான காரணம் விளங்குகிறது.